சாதாரணக் கணினியில் அசெட்டோ கோர்சா: சுற்றுக்கு நான்கு நொடி எங்கே போனது

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ரேஸிங் சிமுலேட்டர் ஓட்டிக்கொண்டு, சுற்று நேரம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று புரியாமல், அடுத்து எதை வாங்கினால் சரியாகும் என்று இரவெல்லாம் விலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்த வழியில் 10,700 ரூபாய் வீணாகப் போனது. ஓர் ஆண்டின் மாலை நேரங்களில் பெரும்பகுதியும் போனது. பணத்தைவிட மாலைகள் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசியில் நேரத்தைக் குறைத்துத் தந்தவற்றில் பெரும்பாலானவை இலவசமானவை, மற்றவை மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியவை. இதைத் தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் ஊர் என்பதாலோ, செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதாலோ, இங்கே கார் பந்தயம் பேசாத நண்பர் வட்டம் குறைவு. ஆனால் கோ-கார்ட் ஓட்டப் போனால் சில நிமிட ஓட்டத்துக்கே சில நூறு ரூபாய் ஆகிவிடும். மாதச் சம்பளக்காரர் அதை வாரந்தோறும் செய்ய முடியாது. எனவே நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அசெட்டோ கோர்சாவுக்கு வந்தோம். இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் 2014-இல் முழுமையாக வெளியிட்ட சிமுலேட்டர் அது. பல பந்தயத் தடங்களை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் உட்பட அப்படியே கொண்டுவந்திருப்பார்கள். பத்தாண்டு கடந்தும் மக்கள் அதை விடாமல் ஓட்டுவதற்கு இன்னொரு காரணம், அதன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் கோர் 2 டுயோ காலத்துக் கணினிகூட இடம்பெற்றிருக்கிறது என்பது. என்னிடம் இருந்ததோ ரைசன் 3 3200ஜி ப்ராசஸர், அதற்குள்ளேயே அமைந்த வேகா 8 கிராஃபிக்ஸ், ஒரே ஒரு 8 ஜிபி ராம், 21.5 அங்குல மானிட்டர், இரண்டாம் கையாக வாங்கிய லாஜிடெக் ஜி27 ஸ்டீரிங். பட்டியலைப் பார்த்தால் தாராளமாகப் போதும் என்றுதான் எவருக்கும் தோன்றும். குறைந்தபட்சத் தேவை என்பது விளையாட்டு திறக்கும், ஓடும் என்பதற்கான உறுதி மட்டுமே. இருபது கார்கள் ஒரே நேரத்தில் முதல் வளைவுக்குள் நுழையும்போது என்ன ஆகும் என்று அதில் எழுதியிருப்பதில்லை.

நாங்கள் எல்லோரும் ஒரே காரையும் ஒரே தடத்தையும் எடுத்துக்கொண்டோம். கார், மாஸ்டா எம்எக்ஸ்-5, அதன் முதல் தலைமுறை. தடம், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இருக்கும் பிராண்ட்ஸ் ஹேட்ச், அதிலும் இண்டி எனப்படும் சிறிய சுற்று. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு, ஆறு வளைவுகள், சாதாரணக் காரில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அவ்வளவு சிறிய சுற்றில் நான் நண்பர்களுக்கு நான்கு நொடி பின்னால் இருந்தேன். நான்கு நொடி என்பது சிமுலேட்டரில் ஒரு யுகம். அவர்கள் அரை நொடிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நான் தனியாகக் கடைசியில் வந்துகொண்டிருந்தேன். விளையாட்டுதானே என்று வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் எரிச்சலாகவே இருந்தது. பின்னால் நின்று பார்த்த மனைவி, “இன்னும் அந்த முதல் வளைவைத்தான் தாண்டலையா?” என்று கேட்டபோது, திரும்பிப் பதில் சொல்லாமல் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போன இரவும் உண்டு.

திரையின் மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்ற அளவு, நேர்பகுதியில் 58 என்று காட்டும், வளைவில் மற்ற கார்கள் சூழ்ந்தால் 30-க்கு இறங்கும். எனவே குறை கிராஃபிக்ஸில்தான் என்று நண்பர்களும், நான் விசாரித்த கடைக்காரர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு கடையில் ஆர்எக்ஸ் 570 கார்டு ஒன்று 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பயன்படுத்தியதுதான், ஆனால் புதிதுபோல் துடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் போதாது என்று 3,200 ரூபாய்க்கு எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டி ஒன்றும் எடுக்க வைத்தார்கள். சில வாரங்கள் உண்மையிலேயே நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் ட்ரூயிட்ஸ் வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது புல்வெளியில் பச்சையும் ஊதாவுமாகச் சிறு சதுரங்கள் சிதறின. அடுத்த சுற்றில் வானம் முழுக்கக் கோடுகள். அதற்கடுத்து கறுப்புத் திரை. கடைக்குக் கொண்டுபோனபோது, அது கிரிப்டோ மைனிங், அதாவது டிஜிட்டல் நாணயம் ஈட்ட ஓயாமல் ஓடவிடும் வேலை, செய்த கார்டு என்பதும், அதன் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் அதற்காகவே மாற்றப்பட்டிருந்தது என்பதும், மெமரி சில்லுகள் நாட்கணக்கில் சூட்டில் வெந்தவை என்பதும் வேறு ஒருவர் பிரித்துப் பார்த்துச் சொல்லித்தான் தெரியவந்தது. விற்றவர், பழைய பொருளுக்கு வாரண்டி கிடையாது என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டார். அந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் திரும்ப எடுக்கவில்லை.

பழைய கார்டு வாங்கியே ஆகவேண்டிய நிலை இருந்தால், கடையிலேயே அதை ஒரு கணினியில் பொருத்தி, அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, விசிறிகள் ஒழுங்காகச் சுழல்கின்றனவா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில். குறைந்தது பதினைந்து நாள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் கடை வாசலைத் தாண்டினால் செல்லாது.

கார்டு போன பிறகு கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கணினி சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவுடனே, “ஏனுங்க தம்பி, ஒரே ஒரு ராம்தான் போட்டிருக்கீங்களா? இன்னொண்ணு இதே மாதிரி வாங்கிப் போடுங்க, அப்புறம் பாருங்க,” என்றார். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு ராம் மட்டும் இருந்தால் தரவு ஒரே வழியில் வந்துபோக வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டு வழி, அதாவது டுவல் சேனல். 2,600 ரூபாய்க்கு அதே வேகமுள்ள இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கி, மதர்போர்டில் சரியான இரு இடங்களில் பொருத்தி, பயாஸில் ராமின் முழு வேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பி வசதியைப் போட்டார். 40 ஃபிரேமில் திணறிய இடங்கள் 55-ஐத் தொட்டன. கிராஃபிக்ஸ் கார்டு விற்ற கடையில் யாரும் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் கணினி உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஓடுகிறது என்றால், வேறு எதைப் பற்றியும் யோசிக்கும் முன் ராம் ஒன்றா இரண்டா என்று பாருங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கை ஏன் வேகத்தைத் தொடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவு வந்தது. மணிக்கு 150 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 42 மீட்டர் கடக்கிறது. 60 ஃபிரேமில் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே கார் 70 சென்டிமீட்டர் நகர்கிறது; 35 ஃபிரேமில் 1.2 மீட்டர் நகர்கிறது. நீங்கள் காணும் காட்சி, நடப்பதற்கு மூன்று ஃபிரேம் பின்தங்கி வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் இரண்டு மீட்டருக்கு முந்தைய உலகத்தையும், இரண்டாம் நிலையில் மூன்றரை மீட்டருக்கு முந்தைய உலகத்தையும் பார்த்து பிரேக் பிடிக்கிறீர்கள். நிலையாக 35 இருந்தால்கூட மனம் பழகிக்கொள்ளும். ஒரு சுற்றில் 58, அடுத்த சுற்றில் அதே இடத்தில் 35 என்று மாறிக்கொண்டே இருந்தால், கால் கற்றுக்கொண்ட பிரேக் புள்ளி ஒவ்வொரு முறையும் ஒன்றரை மீட்டர் இடம் மாறுகிறது. அளவுகோல் நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தால் எந்தத் தச்சரும் சட்டத்தை ஒரே அளவில் அறுக்க முடியாது. சாதாரணக் கணினியில் வேகத்தைத் தின்பது அழகில்லாத படம் அல்ல, சீரில்லாத படம். நான் பிறகு செய்தவை எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்தே வந்தவை.

எனவே படத்தின் அழகைத் தயக்கமில்லாமல் வெட்டினேன். ஒளிர்வு, மங்கல் போன்ற விளைவுகளைச் சேர்க்கும் போஸ்ட் ப்ராசஸிங்கை முழுமையாக அணைத்ததில் பெரிய லாபம் கிடைத்தது. காரின் மேற்பரப்பில் தெரியும் பிரதிபலிப்பைப் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைத்ததில் அடுத்த லாபம். கண்ணாடிகள் பலர் கவனிக்காத செலவு: பின்னால் தெரியும் காட்சியைக் கணினி இன்னொரு முறை வரையவேண்டும். அவற்றின் தரத்தை மிகக் குறைவாக வைத்தேன். தனியாகப் பயிற்சி செய்யும்போது அணைத்தே விட்டேன். நிழல்களைக் குறைத்தேன், முழுவதும் அணைக்கவில்லை, ஏனெனில் காரின் அடியில் நிழல் இல்லாவிட்டால் அது தரையில் நிற்கிறதா மிதக்கிறதா என்று கண் தடுமாறுகிறது. பார்வையாளர், புகை எல்லாம் போயின. திரையின் தெளிவை மட்டும் 720 வரிகளுக்குக் கீழே இறக்கவில்லை. தொலைவில் உள்ள பிரேக் அடையாளப் பலகை தெரியவேண்டும் அல்லவா. கடைசியாக, படம் வரைவதை மானிட்டரின் புதுப்பிப்பு வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் வசதியை அணைத்துவிட்டு, விளையாட்டின் உள்ளேயே ஃபிரேம் எண்ணிக்கைக்கு 60 என்று உச்சவரம்பு வைத்தேன். வி-சிங்க் இருக்கும்போது, 60-ஐ எட்ட முடியாத ஒரு கணத்தில் அது 30-க்குத் தாவுவதும், ஸ்டீரிங் திருப்பலுக்கும் படத்துக்கும் நடுவே தாமதம் கூடுவதும் நேரிடலாம். தொலைக்காட்சியை மானிட்டராகப் பயன்படுத்துபவர்கள் அதில் உள்ள கேம் மோடைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். அது இல்லாமல், படத்தை மெருகேற்றும் வேலையில் தொலைக்காட்சி எடுத்துக்கொள்ளும் தாமதம் மிக அதிகம்.

இன்னொரு சிக்கல் கிராஃபிக்ஸில் இல்லை, ப்ராசஸரில் இருந்தது. அசெட்டோ கோர்சா காரின் இயக்கத்தை நொடிக்கு 333 முறை கணக்கிடுகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று மில்லிநொடிதான் அவகாசம். கணினி ஓட்டும் எதிராளிக் கார்களுக்கும் அதே கணக்கு நடக்கவேண்டும் என்பதால், இருபது எதிராளிகளைச் சேர்த்தால் இருபது மடங்கு வேலை. ப்ராசஸர் திணறும்போது திரையில் எச்சரிக்கை வரும், காலமே மெதுவாக நகர்வதுபோல் கார் இழுபடும். எதிராளிகளைப் பத்துக்குக் குறைத்தவுடன் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மறுபடியும் தலைகாட்டியது. மின்விசிறிக்கு அடியில் நாமே வெந்துகொண்டிருக்கும் பருவத்தில் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதில் வியப்பில்லை. கூலரில் பஞ்சுபோல் படிந்திருந்த தூசியை எடுத்து, ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்ததும் சரியானது. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையாக இருக்கும். பின்பகுதியை உயர்த்தி வைப்பதும், சார்ஜரைச் செருகியே ஓட்டுவதும் அவசியம்.

அடுத்தது பார்வைக் கோணம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, ஆனால் எனக்கு வேக உணர்வையே மாற்றியது இதுதான். மானிட்டர் என்பது காரின் முன்கண்ணாடியில் வெட்டிய ஒரு ஜன்னல் என்று எண்ணிக்கொண்டால், அந்த ஜன்னல் வழியே உங்கள் கண்ணுக்கு எத்தனை பாகை தெரியவேண்டுமோ அத்தனைதான் விளையாட்டிலும் வைக்கவேண்டும். 21.5 அங்குல மானிட்டரின் உயரம் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் செங்குத்துக் கோணம் 25 பாகைதான் வரும். நான் அதுவரை 50-க்கு மேல் வைத்திருந்தேன். அகலமாகத் தெரிகிறது என்ற மகிழ்ச்சியில், வளைவுகள் எல்லாம் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோலத் தெரிவதையும், அவை கடைசி நொடியில் திடீரென்று மேலே வந்து விழுவதையும் உணரவில்லை. 25 பாகையில் பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் மூச்சு முட்டியது. அதற்கு வழி, மானிட்டரை ஸ்டீரிங்கின் பின்னாலேயே ஒட்டிக் கொண்டுவருவது. 45 சென்டிமீட்டர் தொலைவுக்கு வந்ததும் கோணம் 33 பாகை ஆனது. தூரமும் சரியாகத் தெரிந்தது, வளைவின் உள்முனையும் தெரிந்தது. மாற்றிய முதல் சில நாட்கள் கார் ஊர்வதுபோல் இருக்கும். அந்த நாட்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நேர்பகுதியின் முடிவில் என் வேகம் நண்பர்களைவிட மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் குறைவாகவே இருந்தது. ஒரே கார், ஒரே ஆக்ஸிலரேட்டர், முழுவதும் மிதித்திருக்கிறேன், பின் எப்படி? திரையில் பெடல்களின் அளவைக் காட்டும் சிறிய பெட்டியைத் திறந்து வைத்து ஓட்டியபோது, கால் பிரேக்கில் இல்லாத நேரத்திலும் சிவப்புக் கோடு அடியில் ஒரு நூல் உயரத்துக்குத் துடித்துக்கொண்டே இருந்தது. பழைய ஸ்டீரிங் செட்டின் பெடல்களுக்குள் இருக்கும், மிதித்த அளவை உணரும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்துவிட்டால், கால் படாமலேயே அது சிக்னல் அனுப்பும். அதாவது இத்தனை மாதமும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே நேர்பகுதியில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்! 300 ரூபாய்க்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, பெடலைக் கழற்றி அந்தப் பொட்டென்ஷியோமீட்டருக்குள் அடித்து, பத்து இருபது முறை அழுத்தி விட்டதும் கோடு அடங்கியது. பழைய ஸ்டீரிங் வாங்குபவர்கள் பெடல்களைத் திரையில் பார்த்துச் சோதித்த பிறகே வாங்குங்கள். சுத்தம் செய்த பிறகும் சிறிது துடிப்பு இருந்தால், தொடக்கத்தில் இரண்டு மூன்று சதவீதம் டெட்ஸோன், அதாவது விளையாட்டு கண்டுகொள்ளாத பகுதி, கொடுத்துச் சமாளிக்கலாம்.

பெடல் என்றால் அது நிற்கும் தரையும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில், பலமாக பிரேக் பிடித்தால் பெடல் முன்னே வழுக்கும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னே உருளும். இரண்டும் சேர்ந்து ஒரு சாண் விலகினால் அழுத்தத்தைக் கால் எப்படி நினைவில் வைக்கும்? பெடலுக்கு முன்னால் சுவர் வரை ஒரு பலகையை முட்டுக் கொடுத்தேன். நாற்காலிக்குப் பதில் சாப்பாட்டு மேசையின் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தேன். கூடவே, மிதித்த ஆழத்துக்கு ஏற்ப பிரேக்கின் பலம் எப்படிக் கூடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பிரேக் காமா என்ற அளவை 1-இலிருந்து 2 அளவுக்கு உயர்த்தியதில், லேசாக மிதிக்கும் தொடக்கப் பகுதியில் நுட்பமாக விடுவதும் கூட்டுவதும் எளிதானது. ஸ்டீரிங்குக்குள் இருக்கும் மோட்டார் நம் கைக்குத் தரும் விசையைப் பொறுத்தவரை, கனமாக இருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. திரையில் பெடல்களின் அளவைக் காட்டும் அதே பெட்டியில் நான்காவதாக இருக்கும் கோடு சிவப்பாக மாறினால், மோட்டார் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் டயர் சொல்லும் எதையும் அது உங்கள் கைக்குச் சொல்லாது என்று பொருள். வளைவின் நடுவில் சிவக்காமல், ஓரக் கட்டைகளில் ஏறும்போது மட்டும் சிவக்கும் அளவுக்கு விசையைக் குறைத்தேன். முன் டயர் வழுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன் ஸ்டீரிங் இலேசாவதைக் கையால் அறிந்தது அன்றைக்குத்தான்.

கணினியும் பெடலும் மேசையும் சேர்ந்து எனக்குத் திருப்பித் தந்தது ஒன்றரை நொடி. மீதி இரண்டரை நொடி ஓட்டுவதில்தான் இருந்தது. ஆனால் முதல் பகுதி சரியாகாமல் இரண்டாவதைக் கற்றிருக்கவே முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. இதைத் தொடங்கியபோது மிக வேகமான சுற்றைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். தொடர்ந்து பத்துச் சுற்று ஓட்டி, அதில் சிறந்ததற்கும் மோசமானதற்கும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் பார்த்தேன். தொடக்கத்தில் அது இரண்டு நொடிக்கு மேல். அது அரை நொடிக்குள் வரும்வரை வேகமாக ஓட்ட முயலவில்லை. தடத்தை விட்டு வெளியே போகாத வேகத்திலேயே ஓட்டினேன். சலிப்பான வேலைதான். ஆனால் இடைவெளி குறையக் குறைய, வேகமும் அழைக்காமலே வந்தது.

பிராண்ட்ஸ் ஹேட்சின் முதல் வளைவான பேடக் ஹில்லை மனைவி கிண்டல் செய்ததில் நியாயம் உண்டு. நேர்பகுதி சற்றே மேலேறி முடியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பவேண்டும்; திரும்பும் இடத்திலிருந்து உள்முனை தெரியாது, ஏனெனில் தரை அதற்கப்பால் சரேலென்று கீழே இறங்குகிறது. அந்த மேட்டின் உச்சியில் கார் இலேசாகிறது, டயரின் பிடி குறைகிறது. அந்த நேரத்தில் முழு பிரேக்கோடு இருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகச் சரளைக்குள் போய்விடும். ஏபிஎஸ் உதவியை அணைத்து ஓட்டுபவர்களுக்கு இதில் மன்னிப்பே இல்லை. நான் கற்றுக்கொண்டது, பலமான பிரேக்கை ஏற்றத்திலேயே, கார் நேராக இருக்கும்போதே முடித்துக்கொள்வது. பிறகு பிரேக்கை ஒரே வீச்சில் விட்டுவிடாமல், ஸ்டீரிங் திரும்பும் அளவுக்குச் சிறிது சிறிதாக விடுவது. பிரேக்கில் கொஞ்சம் கால் இருக்கும்வரை எடை முன் டயர்களில் தங்குகிறது, மூக்கு உள்ளே திரும்புகிறது. விட்டவுடன் எடை பின்னே போய், முன் டயர் பிடியிழந்து கார் வெளியே தள்ளுகிறது. சரிவின் அடியில் தரை காரைத் தாங்கி அழுத்தும் இடம் வருகிறது. அங்கே நான்கு டயர்களுக்கும் பிடி கூடுவதால், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்க அதுவே சரியான இடம். இந்த ஒரு வளைவில் மட்டும் ஏறத்தாழ முக்கால் நொடி கிடைத்தது.

ட்ரூயிட்ஸ் வளைவு ஏற்றத்தில் இருப்பதால் மேடே பாதி பிரேக் போட்டுத் தரும்; நினைப்பதைவிடத் தாமதமாகப் பிடிக்கலாம். கிரஹாம் ஹில் வளைவில் இறக்கத்தில் பிரேக் பிடிப்பதால் அதற்கு நேர்மாறு. நடுப்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசியாக வரும் கிளார்க் வளைவுக்குத் தனிக் கவனம் தேவை, ஏனெனில் அதற்குப் பிறகுதான் சுற்றின் நீண்ட நேர்பகுதி. அதில் வேகமாக நுழைந்து, வெளியே தள்ளி, காலை எடுத்து மறுபடியும் மிதிப்பதைவிட, சற்று மெதுவாக நுழைந்து முன்னதாகவே முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், வெளியேறும்போது கூடும் மூன்று கிலோமீட்டர் வேகம் நேர்பகுதி முழுவதும் உங்களோடு வரும். இதை நம்புவது கடினம். மெதுவாகப் போன உணர்வோடு வந்து நேரத்தைப் பார்த்தால் குறைந்திருக்கும். நம்பாதவர்கள், விளையாட்டில் உள்ள கோஸ்ட் காரை, அதாவது உங்களுடைய முந்தைய சிறந்த சுற்றின் நிழலை, உடன் ஓடவிட்டுப் பாருங்கள். நுழையும்போது நிழல் முந்திப் போகும், நேர்பகுதியின் நடுவில் நீங்கள் அதைக் கடந்து செல்வீர்கள்.

மற்றவர்கள் நேரத்தோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் குழுவில் ஒருவர் ஐந்து லிட்டர் பெட்ரோலோடும் நான் 30 லிட்டரோடும் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்றால் அது ஏறத்தாழ 19 கிலோ கூடுதல் எடை. ஆயிரம் கிலோவைச் சுற்றியிருக்கும் காரில் அது உறைக்கும். தடத்தின் பிடியும் அப்படித்தான்: ஒருவர் நன்கு ரப்பர் படிந்த ஆப்டிமம் நிலையிலும் இன்னொருவர் புதுத் தடமான கிரீன் நிலையிலும் ஓட்டினால் ஒப்பீடே தப்பு. கார், தடம், எரிபொருள், தடத்தின் நிலை, வெப்பநிலை, டயர் வகை ஆகிய ஆறையும் முதலில் ஒத்துப்பாருங்கள். காரின் மற்ற செட்டிங்குகளில், அதாவது ஸ்பிரிங், டேம்பர் போன்றவற்றில், பல மாதங்களுக்குக் கை வைக்காதீர்கள். டயர் காற்றழுத்தத்தைத் தவிர வேறெதையும் நான் இன்றுவரை தொடவில்லை.

இப்போது குழுவில் நான் நடுவில் இருக்கிறேன். முன்னால் இருப்பவருக்கும் எனக்கும் இடையே அரை நொடியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை. சாதாரணக் கணினிக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும்: நண்பர்களோடு ஆன்லைனில் ஓட்டுவது, கணினி ஓட்டும் எதிராளிகளோடு ஓட்டுவதைவிட ப்ராசஸருக்கு இலேசானது. ஆன்லைனில் மற்றவர்களுடைய காரின் கணக்கை அவரவர் கணினியே போட்டுக்கொள்கிறது. உங்கள் கணினி அவர்கள் இருக்கும் இடத்தைப் பெற்று வரைந்தால் போதும். இருபது எதிராளிகளோடு திணறிய அதே கணினியில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிறோம், எச்சரிக்கை வருவதில்லை. ஒரு நிபந்தனை, வைஃபையை நம்பாமல் ரௌட்டரிலிருந்து லேன் கேபிள் போடுங்கள். இணைப்பு தடுமாறினால் உங்கள் கார் மற்றவர்கள் திரையில் குதித்துக் குதித்துப் போகும். யாரும் உங்கள் பக்கத்தில் வந்து ஓட்டமாட்டார்கள். 15 மீட்டர் கேபிள் எனக்கு 350 ரூபாய் ஆனது, ஹாலின் ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுவந்தாயிற்று.